தடங்களைப் படிக்கக் கற்பிப்போம்
அட்டகாமா பாலைவனத்தில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளும் சுரங்கங்களும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாறு, புவியியல், வேதியியல், கணக்கு, தமிழ் எனப் பல பாடங்களைக் கற்பிப்பவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெருமளவில் வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பேச வேண்டும் என்று யோசித்தபோது, ஒரு படம் நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தில் ஒரு பாலைவனம். மரம் இல்லை, புல் இல்லை. தரை பழுப்பு நிறத்தில் விரிந்து கிடக்கிறது. அதன் குறுக்கே நேர்கோடாக ஒரு தாழ்வான மண்மேடு ஓடுகிறது. மேட்டின் மேல் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் பதிந்திருக்கின்றன. தண்டவாளம் இல்லை, அதைத் தாங்கிய கட்டைகளும் இல்லை. கட்டைகள் கிடந்த பள்ளம் மட்டும் இருக்கிறது. ரயில் ஓடி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, தடம் மட்டும் அழியவில்லை.

இந்தப் படத்தை வகுப்பில் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் "பழைய ரயில் பாதை" என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். நாமும் "நன்று" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அதற்குப் பிறகுதான் இருக்கின்றன. யாரும் வாழ முடியாத இடத்துக்கு ரயில் எதற்காக வந்தது? எதை ஏற்றிக்கொண்டு போனது? யார் உழைத்தார்கள்? லாபம் யாருக்குப் போனது? பிறகு ஏன் எல்லோரும் விட்டுவிட்டுப் போனார்கள்? இன்று நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். எஞ்சி நிற்கும் இரும்பும் சுவரும் தாமாக எதையும் சொல்வதில்லை. அங்கே வாழ்ந்த மனிதர்கள் என்ன கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் அவை பேசத் தொடங்கும்.

மழையே அறியாத நிலம்

இந்த இடம் தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடக்கில் இருக்கும் அட்டகாமா பாலைவனம். உலகிலேயே மிக வறண்ட நிலப்பகுதிகளில் இது ஒன்று. புவியியல் ஆசிரியர்களுக்குக் காரணங்கள் தெரியும். கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர் நின்று, அமேசான் பக்கத்து ஈரக்காற்றைத் தடுத்துவிடுகிறது. மேற்கே பசிபிக் கடலில் ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. குளிர்ந்த கடலுக்கு மேலே உள்ள காற்று எழும்பி மழை மேகமாவதில்லை. கடற்கரையில் மூடுபனி வரும், மழை வருவது அரிது.

மழை இல்லாததால் இரண்டு விளைவுகள். ஒன்று, மண்ணில் இருக்கும் உப்புகள் கரைந்து ஓடாமல் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே சேர்ந்து கிடக்கின்றன. இரண்டாவது, மனிதன் விட்டுச் சென்ற தடமும் அப்படியே கிடக்கிறது. நம் ஊரில் ஒரு பாதையை இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால் புதர் மூடிவிடும். அங்கே நூறு ஆண்டுக்கு முந்தைய செருப்பின் தோல், தகர டப்பா, மாட்டு வண்டிபோலக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியின் சக்கரத் தடம்கூட இன்றும் தெரிகிறது. சுரங்கம் அங்கே தோன்றக் காரணமான வறட்சியே அந்தச் சுரங்கத்தின் நினைவையும் காத்து வைத்திருக்கிறது.

எதற்காக வந்தார்கள்?

அந்த மண்ணில் கிடைத்தது தங்கமோ வைரமோ அல்ல. சோடியம் நைட்ரேட். நம் பழைய பாடநூல்களில் 'சிலி வெடியுப்பு' என்று வரும் பொருள் இதுதான். மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே 'காலிச்சே' என்ற கெட்டிப் பாறைப் படிவத்தில் இது மற்ற உப்புகளோடு கலந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இதற்கு இரண்டு பெரிய தேவைகள் இருந்தன. ஐரோப்பாவின் வயல்களுக்கு இது உரம், ராணுவங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வெடிமருந்தின் மூலப்பொருள். சோற்றுக்கும் சண்டைக்கும் வேண்டிய நைட்ரஜன் ஒரே பாலைவனத்திலிருந்து போனது.

அதற்காகப் போரும் நடந்தது. நைட்ரேட் நிலங்கள் அப்போது பெரும்பாலும் பெரு, பொலிவியா நாடுகளிடம் இருந்தன. 1879 முதல் 1884 வரை நடந்த பசிபிக் போரில் சிலி வென்றது. பெரு தாராபகா மாநிலத்தை இழந்தது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்து, நிலத்தால் சூழப்பட்ட நாடாயிற்று. வரைபடத்தில் பொலிவியாவுக்கு ஏன் கடல் இல்லை என்று ஒரு மாணவர் கேட்டால், விடை இந்த உப்புப் பாறையில்தான் தொடங்குகிறது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குச் சிலி அரசின் வருவாயில் பாதியளவு நைட்ரேட் ஏற்றுமதி வரியிலிருந்தே வந்தது.

இனி ரயிலுக்கு வருவோம். சுரங்கங்கள் இருந்த சமவெளியைப் 'பாம்பா' என்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இக்கிகே, பிசாகுவா போன்ற துறைமுகங்கள் கடலோரத்தில் ஒரு செங்குத்தான மலைச்சரிவின் அடியில் இருக்கின்றன. மூட்டை மூட்டையாக நைட்ரேட் கீழே இறங்க வேண்டும். நிலக்கரி, மரம், இரும்பு, மாவு, துணி எல்லாம் மேலே ஏற வேண்டும். தண்ணீரும் அடுப்பெரிக்க விறகும் அரிதான நாட்டில் ரயில் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பாம்பாவில் இருந்த தாமருகோ மரங்களை வெட்டி எரித்தே பல காடுகள் காலியாயின. இன்று அங்கே காணும் தாமருகோ காடுகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் மறுபடி நட்டு வளர்த்தவை.

அந்த ரயில் யார் கையில் இருந்தது என்பதும் முக்கியம். ஜான் தாமஸ் நார்த் என்ற ஆங்கிலேயர் ஒரு மெக்கானிக்காகத் தென் அமெரிக்காவுக்கு வந்தவர். பிறகு நைட்ரேட் ஆலைகள், தாராபகாவின் ரயில் கம்பெனி, இக்கிகே நகரின் தண்ணீர் வழங்கும் கம்பெனி ஆகியவற்றில் பெரும் பங்குகளைப் பெற்றார். 'நைட்ரேட் அரசர்' என்றே அவரை அழைத்தார்கள். பாலைவனத்தில் ரயிலையும் தண்ணீரையும் ஒருவரே வைத்திருந்தால் என்ன பொருள் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 'ஏகபோகம்' என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

கொப்பரையில் ஒரு வேதியியல் பாடம்

ஒவ்வொரு சுரங்க ஆலையையும் அதைச் சுற்றிய குடியிருப்பையும் சேர்த்து 'ஒஃபிசினா' என்பார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஒஃபிசினாக்கள் அந்தப் பாலைவனத்தில் இருந்தன. அவற்றில் ஹம்பர்ஸ்டோன், சான்டா லௌரா என்ற இரண்டும் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை இக்கிகேயிலிருந்து 50 கி.மீ. தொலைவுக்குள் அருகருகே இருக்கின்றன. ஹம்பர்ஸ்டோனில் வீடுகளும் ஊரும் எஞ்சியிருக்கின்றன. சான்டா லௌராவில் நைட்ரேட்டைப் பிரித்தெடுத்த ஆலை நிற்கிறது.

ஜேம்ஸ் ஹம்பர்ஸ்டோன் என்ற வேதியியல் பொறியாளர் 1870களில் இங்கே ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் சோடா ஆலைகளில் பயன்பட்ட ஷாங்க்ஸ் முறைதான் அது. நீராவிக் குழாய்களால் சூடேற்றப்படும் பெரிய இரும்புத் தொட்டிகளில் உடைத்த பாறையைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அந்தக் கொதிநீரை வடித்து ஆறவிட்டால் நைட்ரேட் படிகமாக இறங்கும்.

இது ஏன் வேலை செய்கிறது? பத்தாம் வகுப்பில் கரைதிறன் பாடம் நடத்துபவர்கள் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதலாம். 100 கிராம் தண்ணீரில் சோடியம் நைட்ரேட் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 88 கிராம் கரையும், 100 டிகிரியில் சுமார் 180 கிராம் கரையும். சாதாரண உப்பு 20 டிகிரியில் சுமார் 36 கிராம், 100 டிகிரியில் சுமார் 39 கிராம். ஆறவிடும்போது நைட்ரேட் 92 கிராம் வெளியே வரும், உப்பு 3 கிராம்தான் வரும். ஒரு நாட்டின் கருவூலத்தை நிரப்பியது இந்த வித்தியாசம்தான். ஆலைகளின் அருகே இன்றும் சிறு குன்றுகள்போல் நிற்பவை, நைட்ரேட் எடுத்த பின் கொட்டிய கழிவுப் பாறைகள்.

இதுவரை சொன்னது, சுற்றுலா வழிகாட்டிப் பலகையிலும் கிடைக்கக்கூடிய செய்தி. பொறியாளரின் பெயரும் ஊருக்கு வைத்த பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் பாறையை உடைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

தொழிலாளர்கள் எழுதிய பட்டியல்

அவர்களே எழுதிவைத்த ஒரு காகிதம் இருக்கிறது. 1907 டிசம்பரில் தாராபகாவில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிலி, பெரு, பொலிவியா நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பலர் மனைவி மக்களோடு, பாம்பாவிலிருந்து இக்கிகே நகருக்கு இறங்கி வந்தார்கள். சிலர் ரயிலில் வந்தார்கள், பலர் பாலைவனத்தைக் கடந்து நடந்தே வந்தார்கள். டிசம்பர் 16ஆம் நாள் தங்கள் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய இடிபாடுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் அங்கே நிற்கிறது.

முதலில் டோக்கன். கூலி பணமாகக் கொடுக்கப்படவில்லை. உலோகத்திலோ கெட்டி ரப்பரிலோ செய்த வில்லைகளைக் கொடுத்தார்கள். அந்த ஒஃபிசினாவின் கம்பெனிக் கடையில்தான் அவை செல்லும். வேறிடத்தில் மாற்றினால் மதிப்பில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். டோக்கனை ஒழிக்கும்வரை எல்லா ஒஃபிசினாக்களும் அதை முழு மதிப்புக்கு ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். நாணயத்தின் மதிப்பு சரிந்துகொண்டிருந்ததால், கூலியை 18 பென்ஸ் என்ற நிலையான மாற்று விகிதத்தில் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வில்லைகள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வண்ணங்களும் வடிவங்களும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கோரிக்கையைப் படித்தவருக்கு அது ஒரு பூட்டாகத் தெரியும்.

அடுத்து கடை. ஒஃபிசினாவுக்குள் எல்லோரும் சுதந்திரமாக வணிகம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள். கடைக்கு வெளியே ஒரு தராசும் ஒரு அளவுகோலும் வைக்க வேண்டும், வாங்கிய பொருளின் எடையையும் துணியின் நீளத்தையும் நாங்களே சரிபார்த்துக்கொள்வோம் என்றார்கள். எவ்வளவு சிறிய கோரிக்கை பாருங்கள். அந்தக் கோரிக்கை எழுந்ததே, அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று. அளவைப் பாடம் நடத்தும்போது, "எடை சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்க வேண்டும்?" என்ற கேள்வியையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சான்டா லௌராவில் நிற்கும் கொப்பரைகள். கொதிக்கும் தொட்டிகள் திறந்தே இருந்தன. அவற்றில் தவறி விழுந்தவர்கள் உண்டு. அவற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட வேண்டும், போடாததால் யாராவது பாதிக்கப்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று கேட்டார்கள். கரைதிறன் பாடத்தில் நாம் பார்த்த அதே தொட்டிதான் இது. வேதியியல் வகுப்பில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவது நியாயமா என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்காவது, ஆலையின் சரிவு மேடை. தோண்டியவர்களுக்கு வண்டிக் கணக்கில் கூலி. கொண்டுவந்த பாறை தரம் குறைவு என்று நிர்வாகி சொல்லிவிட்டால் அந்த வண்டிக்குக் கூலி கிடையாது. ஆனால் ஒதுக்கிய அதே பாறையைப் பிறகு கொப்பரையில் போட்டுக்கொள்வார்கள். அதை நிறுத்த வேண்டும் என்பதும் பட்டியலில் இருக்கிறது.

ஐந்தாவது கோரிக்கையை நம்மைப்போன்றவர்களுக்கென்றே வைத்திருக்கிறேன். தொழிலாளர்கள் கேட்டால், இரவுப் பள்ளி நடத்துவதற்கு இலவசமாக ஓர் இடம் கொடுக்க வேண்டும். பகலெல்லாம் வெயிலில் பாறை உடைத்தவர்கள், இரவில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள ஓர் அறை கேட்டார்கள். தராசும் பள்ளியும் ஒரே பட்டியலில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எடையைச் சரிபார்க்க வேண்டுமென்றால் எண் தெரிய வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது

நகருக்கு வந்த தொழிலாளர்கள் தங்கியிருந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். சான்டா மரியா பள்ளி என்பது அதன் பெயர். பள்ளியும் அதன் முன்னிருந்த சதுக்கமும் மக்களால் நிறைந்திருந்தன. இடத்தைக் காலி செய்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள், பிறகு பேசலாம் என்றார்கள். கோரிக்கைக்குப் பதில் வேண்டும் என்று அவர்கள் மறுத்தார்கள். 1907 டிசம்பர் 21ஆம் நாள் பிற்பகலில், ஜெனரல் ராபர்ட்டோ சில்வா ரெனார்டின் கட்டளைப்படி ராணுவம் இயந்திரத் துப்பாக்கிகளோடு அவர்களைச் சுட்டது.

எத்தனை பேர் இறந்தார்கள்? நூற்றுச் சொச்சம் என்ற கணக்கிலிருந்து ஈராயிரத்துக்கும் மேல் என்ற கணக்குவரை இருக்கிறது. வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்த வேறுபாட்டையே ஒரு பாடமாக்கலாம். ஒரு மூட்டை நைட்ரேட் கப்பலேறினால் கணக்கு இருந்தது. வரி எவ்வளவு, விலை எவ்வளவு என்று பேரேடு இருந்தது. இறந்த மனிதர்களுக்கு மட்டும் ஏன் உறுதியான கணக்கு இல்லை? யார் கணக்கு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே எது எண்ணப்படும் என்பதும் அமைகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இதை நன்றாகவே விவாதிப்பார்கள்.

உயிர் பிழைத்தவர்கள் பாம்பாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எதில் தெரியுமா? ரயிலில்தான். கோரிக்கையோடு சிலரை இறக்கிக் கொண்டுவந்த அதே பாதை அவர்களை மேலே கொண்டுபோய் விட்டது. நான் தொடக்கத்தில் சொன்ன, கட்டைகளின் பள்ளம் பதிந்த மண்மேடு இப்போது உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும் என்று நினைக்கிறேன். படம் அதேதான், நம் கேள்விதான் மாறியிருக்கிறது.

குழந்தைகளின் தடம்

பட்டியலிலேயே இல்லாத ஒரு தடமும் அங்கே இருக்கிறது. பாம்பாவில் நடந்தால் தரையில் ஆங்காங்கே வட்டத் துளைகள் காணப்படும். பாறைப் படிவத்தை வெடிவைத்துத் தகர்க்கத் தோண்டியவை. துளையின் அடியில் வெடிமருந்து வைக்க அகலமான குழி வேண்டும். ஆனால் துளை குறுகல், பெரியவர் உடல் உள்ளே போகாது. அதனால் சிறுவர்களை உள்ளே இறக்கி அடியைக் குடைந்து அகலப்படுத்தச் சொன்னார்கள். அந்த வேலைக்கென்று தனிப் பெயரே இருந்தது. துளையின் அகலமே ஒரு குழந்தையின் தோள் அளவைச் சொல்கிறது.

இடுகாடுகளிலும் குழந்தைகளின் சிறிய கல்லறைகள் நிறைய உண்டு. பாலைவனத்தில் புதிய பூ கிடைக்காது. ஆகவே தகரத்திலும் காகிதத்திலும் மலர்வளையம் செய்து சிலுவையில் மாட்டினார்கள். தகரப் பூக்கள் இன்னும் அங்கே தொங்குகின்றன.

ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

பாறை தீர்ந்துபோய் ஆலைகள் மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து ஆய்வகத்தில் அம்மோனியா தயாரித்துக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்குச் சிலியின் நைட்ரேட் வரவில்லை. அதனால் இந்தப் புதிய முறை வேகமாக வளர்ந்தது. போருக்குப் பின் மற்ற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. பிறகு 1930களின் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்தது. ஒஃபிசினாக்கள் ஒவ்வொன்றாக மூடின.

மேல்நிலை வகுப்பில் ஹேபர் முறையைச் சமன்பாடாக, அழுத்தம், வெப்பநிலை, வினையூக்கி என்று நடத்துகிறோம். அந்தச் சமன்பாடு பல கோடி மக்களுக்கு உணவு கிடைக்க வழி செய்தது, மறுபுறம் ஒரு பாலைவனத்தின் ஊர்களைக் காலி செய்தது. இரண்டும் உண்மை. தண்டவாளங்கள் பல இடங்களில் பழைய இரும்பாகப் பெயர்த்து விற்கப்பட்டன. வீட்டுச் சுவரின் தகரமும் மரமும்கூட விற்பனைக்குப் போயின. ஹம்பர்ஸ்டோன் 1960இல் மூடப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹம்பர்ஸ்டோனுக்குப் போகிறவர்கள் திரையரங்கு, இரும்புத் தகட்டில் செய்த நீச்சல் குளம், மர மேசைகள் வரிசையாக நிற்கும் பள்ளி வகுப்பறை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 'தொழிலாளர்களை நன்றாகத்தானே வைத்திருந்தார்கள்' என்று தோன்றும். ஆனால் அவை 1930களில் ஊர் புதுப்பிக்கப்பட்டபோது வந்தவை. 1907க்கும் அவற்றுக்கும் இடையே கால் நூற்றாண்டு இருக்கிறது. இடிபாடு நமக்குக் காட்டுவது கடைசி அடுக்கை மட்டுமே. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்பு, பள்ளிக்கூடம் கேட்டவர்களின் காலம் ஒன்று இருந்தது. கைவிட்ட இடங்களும் சும்மா இருப்பதில்லை. அன்டோஃபகாஸ்டா பகுதியில் உள்ள சாகாபுகோ என்ற மூடிய ஒஃபிசினாவை 1973இல் ராணுவ ஆட்சி அரசியல் கைதிகளின் முகாமாக்கியது. தொழிலாளர் குடியிருப்பே சிறையாயிற்று. அதுவும் ஓர் அடுக்கு.

கதை முடிந்துவிடவும் இல்லை. மரியா எலேனா என்ற நைட்ரேட் ஊரில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அன்டோஃபகாஸ்டாவிலிருந்து பொலிவியா நோக்கிப் போகும் ரயில் பாதையில் இன்றும் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. அதே அட்டகாமாவின் உப்புப் பரப்பிலிருந்து இப்போது லித்தியம் எடுக்கிறார்கள். நம் கைப்பேசி மின்கலத்துக்கு வேண்டிய பொருள் அது. நைட்ரேட்டைப் பற்றிக் கேட்ட கேள்விகளை நம் மாணவர்கள் லித்தியத்தைப் பற்றியும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

இதையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பழக்கத்தைக் கொடுக்க முடியும் என்றுதான் சொல்கிறேன். கைவிடப்பட்ட எந்த இடத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் போதும். இங்கே என்ன எஞ்சியிருக்கிறது? எது எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது? இது எந்தக் காலத்து அடுக்கு? இங்கே வேலை செய்தவர்கள் என்ன கேட்டிருப்பார்கள், அதற்குச் சான்று எங்கே கிடைக்கும்?

தொடக்க வகுப்பில் முதல் இரண்டு கேள்விகள் போதும். ஒரு பழைய சாவி, ஓட்டை நாணயம், உடைந்த பலகை என்று ஏதாவது ஒன்றை மேசையில் வைத்து, "இது எங்கே இருந்திருக்கும், இதோடு வேறு என்ன இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, கோரிக்கைப் பட்டியலை எளிய தமிழில் எழுதிக்கொடுத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எந்தப் பொருள் சான்றாக நிற்கிறது என்று இணைக்கச் சொல்லலாம். பிறகு, கூலி விகிதம் 18 பென்ஸிலிருந்து 9 பென்ஸாகக் குறைந்தால் அதே கூலியில் எவ்வளவு வாங்க முடியும் என்று ஒரு கணக்கும் போடலாம். மேல்வகுப்புகளில் வேதியியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே வாரத்தில் சேர்ந்து நடத்தினால், சமன்பாடும் ஊரும் ஒன்றாகப் பிள்ளைகள் மனதில் பதியும்.

உங்கள் பள்ளிக்கு அருகிலும் மூடிய ஆலை, பாதை மாறிய பழைய ரயில் மேடு, ஓடாத சந்தைக் கொட்டகை என்று ஏதாவது இருக்கும். அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தால் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். "அங்கே என்ன செய்தீர்கள் தாத்தா?" என்று கேட்பதோடு, "நீங்கள் என்ன கேட்டீர்கள், கிடைத்ததா?" என்றும் பிள்ளைகள் கேட்கட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். நீர் தேங்கிய அந்தக் குழிகள் ஆபத்தானவை. அவற்றைப் படத்தில் பார்த்துப் படித்தால் போதும்.

அந்த இடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. படங்களிலும் நூல்களிலும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் மனம் தங்கும் இடம் ஒன்றுதான். ஆலையின் உயரமான புகைபோக்கியில் அல்ல, கம்பெனிக் கடையின் வாசலில். அங்கே ஒரு தராசு இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பக்கத்தில் ஓர் அறையில் விளக்கேற்றி எழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட அறையில்தான் நாம் தினமும் காலையில் நுழைந்து வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம். நம் பிள்ளைகள் எடையைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களாக அந்த அறையைவிட்டு வெளியே போகட்டும்.